இடது முன் சக்கரம்

எனக்குச் சக்களத்தி வந்தது லாரியில். அரியலூரிலிருந்து, தார்ப்பாய் போர்த்தி, கயிறு கட்டி வந்தாள். பலகையைச் சரித்து அவளை இறக்கியபோது லெப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவே கூடிவிட்டது. என் வீட்டுக்காரர் நிஜாமுதீன் அவள் பக்கத்தில் நின்ற நிற்பைப் பார்க்க வேண்டுமே! எங்கள் நிக்காஹ் அன்றுகூட அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சம் இருந்ததில்லை.

ஹெரால்டு கார். இரண்டே கதவு. மேல்கூரையை ஆணி கழற்றித் தனியே எடுத்து வைத்துவிடலாம். பாதி ஆயுசைக் குவைத்தில் ஓர் அரபி வீட்டில் டிரைவராகக் கழித்தவர் அவர். அந்த அரபிக்குப் பழைய கார்கள் மேல் பைத்தியம். அந்தப் பைத்தியம் இவருக்கும் ஒட்டிக்கொண்டது. சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். வந்ததும் செய்த முதல் வேலை எங்கள் மகள் இன்ஷாவுக்கு அரியலூரில் மாப்பிள்ளை பார்த்தது. இரண்டாவது வேலை இந்தக் கார்.

“என் மவ இந்த வண்டியிலதான் மாப்பிள்ளை வூட்டுக்குப் போவா” என்று பள்ளிவாசல் வாசலில் நின்று ஊருக்கே சொன்னார். சொன்னால் சொன்னதுதான். என் நிம்மதி போன நாள் எது என்று கேட்டால் நான் அந்த நாளைத்தான் சொல்வேன்.

காரை விற்றவர் வைத்திலிங்கம் என்று, ஓவர்சீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாங்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். சாவியைக் கொடுத்த கையோடு அவர் ஒரு எண்ணெய்க் குப்பியையும் கொடுத்தார். நீள மூக்கு வைத்த தகரக் குப்பி.

“முன் சக்கரம் ரெண்டும் நிக்கிற எடத்துல, அடியில ஒரு பித்தளை மூட்டு இருக்கு பாய். மரை போட்டுத் திரும்புற மூட்டு. அதுக்கு இந்தக் கெட்டி எண்ணெய்தான் விடணும். கிரீஸ் அடிச்சுடாதீங்க. கிரீஸ் உள்ள போய் ஒறஞ்சுக்கும். அப்புறம் தண்ணி தங்கும், துரு புடிச்சுத் தின்னுடும். மூட்டு போச்சுன்னா சக்கரம் மடங்கிடும்.”

இவர் காரைச் சுற்றிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார். அந்த மனிதர் அதைக் கவனித்துவிட்டார். என் பக்கம் திரும்பி, “நீங்களாவது ஞாபகம் வச்சுக்குங்கம்மா” என்றார்.

நான் ஞாபகம் வைத்துக்கொண்டேன். அதுதான் என் தலைவிதி.

வீடு திரும்புகிற வழியில் பஸ்ஸிலேயே இவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “கஞ்சப் பெருசு! குவைத்துல நான் பாக்காத மூட்டா? அங்க எல்லாத்துக்கும் கிரீஸ்தான். மணல் காட்டுலயே வண்டி ஓடுது. இந்தாளு எண்ணெய் ஊத்தி ஓட்டிருக்காரு.” குப்பியை என்னிடம் கொடுத்து, “கெணத்து ராட்டினம் கத்திக்கிட்டே கெடக்குதே, அதுக்கு ஊத்து” என்றார். ஊற்றினேன். ராட்டினம் அன்றோடு வாயை மூடியது.

அப்புறம் பித்தளை மூட்டில் இருந்த சின்ன மூடியைக் கழற்றிவிட்டு, கிரீஸ் அடிக்கிற நிப்பிள் வாங்கிப் போட்டார். வெள்ளிக்கிழமைதோறும் குளிப்பதற்கு முன்னால் காருக்கு அடியில் படுத்து, கிரீஸ் கன்னால் அழுத்து அழுத்து என்று அழுத்துவார். கருப்பாக வெளியே பிதுங்கி வழிகிற வரைக்கும் விடமாட்டார். பிறகு குளித்து, அத்தர் பூசி, ஜும்ஆ தொழுகைக்குப் போவார். நான் வாயைத் திறந்தால், “ஒனக்கு எதுக்குடி மோட்டார் விஷயம், பிரியாணிக்குத் தேவையானதப் பாரு” என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தச் சிரிப்பில்தான் என் வயிறு எரியும்.

இத்தோடு விட்டாரா? அரபி வீட்டுக் கார்கள் தரையோடு தரையாகப் பதிந்து நிற்குமாம். இதுவும் அப்படி நிற்க வேண்டுமாம். பெரம்பலூர் துறைமங்கலத்தில் அன்பழகன் என்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோய், முன் ஸ்பிரிங் ஒவ்வொன்றிலும் ஒரு சுற்று அறுத்து எடுத்துவிட்டார்கள். பின்னால் பட்டை ஸ்பிரிங்கை நிமிர்த்தி இறக்கினார்கள். அகலமான டயர்கள் போட்டார்கள். வண்டி குந்திக்கொண்ட மாதிரி வந்து வாசலில் நின்றது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. எங்கள் மகன் உசாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தான்.

முதல் முறை அதில் ஏறி டிரைவருக்குப் பக்கத்தில், இடது பக்கம் நான் உட்கார்ந்தேன். பள்ளிவாசல் முக்கில் வலது பக்கம் திரும்பும்போது என் காலடியில் ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம். பழைய சேலையை இழுத்துக் கிழிக்கிற மாதிரி.

“என்னங்க அது?”

“டயர் மட்கார்டுல ஒரசுது. ஒண்ணுமில்ல. எறக்குன வண்டின்னா ஒரசத்தான் செய்யும்.”

அன்பழகன் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், வேலைக்காரர், ஆனால் வேலை கொடுத்தவர் மனம் நோகப் பேசத் தெரியாது. “பாயம்மா, வெத்தலைக்கு வச்சிருக்கிற சுண்ணாம்பு கொஞ்சம் குடுங்க” என்றார். சுண்ணாம்பை டயரின் ஓரத்தில் ஈரமாகப் பூசி, தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து குனிந்து பார்த்தார். இடது மட்கார்டின் உள்விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு. “இந்தாங்க, இங்கதான் கடிக்குது. வூட்ல உலக்கை இருக்கா?”

உலக்கையை எடுத்துக் கொடுத்தேன். அதைச் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் செருகி, உசாமாவும் இவரும் வண்டியை மெல்ல முன்னே தள்ள, உலக்கை உருண்டு விளிம்பை மேலே மடித்துக்கொண்டே போனது. தகரம் முனகுகிற சத்தம் இருக்கிறதே, பல் கூசியது. இரண்டு பக்கமும் மடித்தார்கள். மறுபடி சுண்ணாம்பு பூசி ஓட்டினார்கள். எங்கேயும் வெள்ளை இல்லை. இவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. என் உலக்கை முழுக்க கருப்பு மசி. இனி அதில் எதை இடிப்பது?

பத்துப் பதினைந்து நாள் சத்தமில்லை. பிறகு அதே முக்கு, அதே இடது பக்கம், அதே ‘சர்ர்ர்’.

“என்னங்க, மறுபடியும் ஒரசுது.”

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பின்னால் உட்கார்ந்திருந்த உசாமாவிடம் கண்ணடித்தார். “இடது பக்கம் யாரு ஒக்காந்துருக்கா? கனம் தாங்காம கத்துது.”

உசாமா விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டு பெற்றவள், உடம்பு கொஞ்சம் போட்டிருக்கிறேன், அதற்காக? வீட்டுக்கு வந்தும் அவர் விடவில்லை. இன்ஷாவிடம் சொல்லிச் சிரித்தார், பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தார். ‘ஹபீபா ஏறினால் கார் கத்தும்’ என்பது தெருவில் பேச்சாகிவிட்டது. எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம்.

அந்த ஆத்திரத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். இவர் அஸர் தொழுகைக்குப் போயிருந்தபோது வாசலுக்கு வந்து, யாரும் ஏறாமல் வெறுமனே நின்ற காரின் வலது சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தேன். மூன்று விரல் தாராளமாகப் போனது. இடது பக்கம் வந்து கையை விட்டேன். ஒரு விரல்தான் போனது. அதுவும் நெருக்கி. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். வலது சக்கரம் நேராக நின்றது. இடது சக்கரத்தின் மேல்புறம் வெளியே சாய்ந்து, கீழ்ப்புறம் உள்ளே வாங்கியிருந்தது. கொஞ்சம்தான். ஆனால் ஒருமுறை பார்த்தபிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நான் காரில் இல்லை. என் கனம் அதில் இல்லை. அப்படியிருந்தும் சக்கரம் சாய்ந்து நிற்கிறது என்றால்? வைத்திலிங்கம் சொன்ன பித்தளை மூட்டு என் கண் முன்னால் வந்தது.

அவர் வந்ததும் சொன்னேன். “ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானே அறுத்தீங்க? ஒரு பக்கம் மட்டும் ஏன் ஒரசணும்? மட்கார்டு எடம் விட்டுக்கிட்டே இருக்கு, சக்கரம் வந்துக்கிட்டே இருக்குங்க. அது ஏன் வருதுன்னு பாருங்க. அந்த மூட்டப் பாருங்க.”

“நீ இனிமே பின் சீட்டுல வலது பக்கமா ஒக்காரு. எல்லாம் சரியாப் போயிடும்” என்றார். ஆனால் அன்பழகனுக்குப் போன் செய்தார்.

அன்பழகன் இந்த முறை நிதானமாகப் பார்த்தார். காரில் ஆள் ஏறினால் எப்படி இருக்கும் என்று தெரிய சிமெண்டு மூட்டைகளைச் சீட்டில் ஏற்றி ஓட்டினார். சுற்றிலும் சிமெண்டு ஆலையாக இருக்கிற எங்கள் பக்கத்தில் கனத்துக்கு வேறு என்ன கிடைக்கும்? சுண்ணாம்புக் கோடு பழைய இடத்தைவிட வெளியே தள்ளி விழுந்திருந்தது. பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார். ‘டக்… டக்…’ என்றது. வலது சக்கரத்தையும் ஆட்டினார். அது பேசவில்லை.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். “பாய், லேசா ஆட்டம் இருக்கு. மூட்டைக் கழட்டிப் பாத்துடறது நல்லது. ஆனா கழட்டினா அப்படியே மாட்ட முடியாது, புதுசு வேணும். கம்பெனி மூடி எவ்வளவு காலமாச்சு. மெட்ராஸ் புதுப்பேட்டையில தேடணும். கெடைச்சாக் கெடைக்கும்.”

“எத்தனை நாள் ஆகும்?”

“சொல்ல முடியாது பாய்.”

நிக்காஹுக்குப் பத்து நாள்கூட இல்லை. இவர் தாடியைத் தடவினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அல்லாஹ்வே அல்லாஹ்வே என்று துஆ கேட்டுக்கொண்டிருந்தேன்.

“கல்யாணம் முடியட்டும்” என்றார். “இப்ப ஒரசாம இருந்தாப் போதும். அத மட்டும் பண்ணி வுடு.”

அன்பழகன் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, இடது மட்கார்டின் விளிம்பை முழுவதுமாக அறுத்து எடுத்துவிட்டார். உரசுவதற்கு அங்கே தகரமே இல்லை. அறுத்த துண்டு வாசலில் பிறை மாதிரி வளைந்து கிடந்தது. “மெதுவா ஓட்டுங்க பாய்” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. அவருக்கும் பயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு கார் சத்தமே போடவில்லை. முக்கில் திரும்பினாலும் இல்லை, பள்ளத்தில் இறங்கினாலும் இல்லை. எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் அந்த அமைதி பிடிக்கவில்லை. முன்னாலாவது அது கத்தியது. தினமும் இடது சக்கரத்தைப் போய்ப் பார்ப்பேன். சாய்வு கூடியிருக்கிற மாதிரியே தெரியும். உசாமாவைக் கூப்பிட்டுக் காட்டினால், “ஒங்களுக்குக் கண்ணாடி மாத்தணும்மா” என்பான்.

என் மகள் அதில் ஏறக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. மூட்டு, மரை, எண்ணெய் என்று பேசினால் இந்த மனிதரை ஜெயிக்க முடியாது. எதைப் பேசினால் அவருக்கு வாய் அடைக்குமோ அதைப் பேசினேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்த ஒரு மாலையில், எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன்.

“ஏங்க, கூரையக் கழட்டிப்புட்டு அந்தத் தொறந்த வண்டியிலயா புதுப்பொண்ண அரியலூர் வரைக்கும் கொண்டு போறீங்க? ரோடு முழுக்க லாரிக்காரன் பாக்க, டீக்கடைக்காரன் பாக்க?”

மாப்பிள்ளையின் அம்மா பட்டென்று நிமிர்ந்தார். “தொறந்த வண்டியா? அல்லாஹ்! அதெல்லாம் எங்க வூட்ல வழக்கமில்லிங்க.”

இவர் முகம் சிவந்துவிட்டது. கூரையை மாட்டிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் ஸ்டைலுக்காகக் கழற்றி, மழையில் போட்டு, அது துருப்பிடித்து வளைந்து கிடந்தது அவருக்கே தெரியும். மாப்பிள்ளையைப் பெற்ற அத்தா சமாதானமாக, “பொண்ணு மாப்பிள்ளைக்கு அம்பாசிடர் சொல்லிடுவோம். ஸ்கிரீன் போட்டுக்கலாம். ஒங்க வண்டி பின்னால ஜோரா வரட்டும்” என்றார்.

அன்று எனக்கு வந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது? அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதேன். என் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன். அவ்வளவுதான் நினைத்தேன். அதற்கு மேல் எனக்கு நினைக்கத் தோன்றவில்லை.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. விருந்து முடிந்து, வெயில் தாழ்ந்து, பெண்ணை அனுப்புகிற நேரம். அம்பாசிடரில் இன்ஷாவும் மாப்பிள்ளையும். பெண்ணோடு கூடப் போக நானும் முன் சீட்டில் ஏறினேன். பின்னால் ஹெரால்டு, ரோஜாவும் மல்லிகையும் சரம் சரமாகத் தொங்க நின்றது. ஆசைப்பட்டுக் கேட்டு உசாமா ஓட்டுகிறான். பக்கத்தில், நான் எப்போதும் உட்காருகிற இடத்தில் என் வீட்டுக்காரர். வெள்ளை ஜிப்பா, புதுத் தொப்பி.

ஏறுவதற்கு முன்னால் அம்பாசிடர் ஜன்னலுக்கு வந்தார். என் மேல் இருந்த கோபமெல்லாம் போயிருந்தது. “நல்லதாப் போச்சு புள்ள. கனம் எறங்கிடுச்சு. இனிமே ஒரசுதான்னு பாரு.”

“நீங்களும் இதுலயே வந்துடுங்க” என்றேன்.

“எடம் ஏது? நீ ஏறிட்டியே” என்று சிரித்தார்.

ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருக்கலாம். தெருவில் அத்தனை பேர். மகள் அழுதுகொண்டிருந்தாள். வண்டி கிளம்பிவிட்டது.

பள்ளிவாசல் முக்கில் நான் திரும்பிப் பார்த்தேன். ஹெரால்டு திரும்பியது. சத்தம் இல்லை. அவர் கையை மேலே தூக்கி, ‘பாத்தியா?’ என்கிற மாதிரி ஆட்டினார். நானும் சிரித்துவிட்டேன்.

வேப்பூர் தாண்டிக் குன்னம் போகிற ரோட்டில், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓடி ஓடி ரோடு குழி விழுந்து கிடந்தது. எங்கள் டிரைவர் நிதானமாகத்தான் போனார். உசாமாவும் கொஞ்சம் இடம் விட்டு நிதானமாகத்தான் வந்தான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். வலது பக்கமாக ஒரு வளைவு. நாங்கள் திரும்பிவிட்டோம். மாப்பிள்ளையின் தோளுக்கு மேலே, ஸ்கிரீன் போடாத பின்கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்ஷா, “அம்மா, முன்னால பாத்து ஒக்காருங்களேன்” என்றாள்.

ஹெரால்டு வளைவில் திரும்பியது. அதன் இடது முன் சக்கரம் காருக்கு அடியில் மடங்கிப் படுத்தது. கார் அந்தப் பக்கமாக மண்டியிட்ட மாதிரி இறங்கி, தாரைக் கீறிக்கொண்டு, ரோட்டை விட்டு இடது பக்கமாகப் போனது. அங்கே ஒரு புளியமரம் இருந்தது. பூச்சரங்கள் மேலே பறந்ததைப் பார்த்தேன். சத்தம் அப்புறம்தான் வந்தது.

உசாமாவுக்குக் கையும் விலாவும் உடைந்தன. பிழைத்துக்கொண்டான். அடிபட்டது இடது பக்கம். என் வீட்டுக்காரர் அந்த மரத்தடியிலேயே என் மடியில் போய்விட்டார். கலிமா சொல்லிக் கொடுத்தேன். உதடு அசைந்தது. அதை மட்டும் நான் பார்த்தேன், அல்ஹம்துலில்லாஹ்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு அன்பழகன் வந்தார். உடைந்த மூட்டை ஒரு துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். உசாமாவிடம் திறந்து காட்டியதைத் திரைக்குப் பின்னால் இருந்து நான் பார்த்தேன். வெளியே கிரீஸ் பளபளவென்று ஈரமாக இருந்தது. உள்ளே அது கல்லாக உறைந்து, அதற்கும் உள்ளே செங்கல் நிறத்தில் துரு, மரை இருந்த இடமே தெரியாமல். “வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அடிச்ச கிரீஸ் எதுவும் உள்ளயே போகல தம்பி” என்று சொல்லி அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அவரைத் திட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை.

புருஷன் போனவள் இருக்க வேண்டிய நாலு மாசம் பத்து நாள் இத்தாவில் இப்போது இருக்கிறேன். வீட்டை விட்டு வெளியே போவதில்லை. துக்கம் கேட்க வருகிற பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள், “நீங்க எப்பவும் ஒக்கார்ற எடமாமே அது. அல்லாஹ் ஒங்களக் காப்பாத்திட்டான்.” பின்கட்டில் யாரோ தண்ணீர் இறைக்கிறார்கள். ராட்டினம் சத்தமில்லாமல் சுற்றுகிறது. குப்பியில் இன்னும் பாதி எண்ணெய் இருக்கிறது.

எனக்கு அவரிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஆத்திரம் தீர, முகத்துக்கு நேராக, ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் அதில் உட்காரவில்லைங்க. என் கனம் அதில் இல்லை.